ஓசூரில் ஓட்டில்லாத சபாநாயகர்

அத்திப்பள்ளிச் சோதனைச் சாவடியில் பேருந்து நின்றது. நடத்துநர் கன்னடத்தில் ஏதோ சொன்னார், பிறகு தெலுங்கில் சொன்னார், கடைசியாக என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார்: "இறங்க வேணாம்மா. லாரி ஒண்ணு குறுக்க நிக்குது, எடுத்தா போயிடலாம்." மூன்று மொழியிலும் ஒரே செய்தியைத்தான் சொன்னாரா என்று எனக்குச் சந்தேகம். கன்னடத்தில் கேட்டவர்கள் எல்லோரும் இறங்கி டீ குடிக்கப் போய்விட்டார்கள். தமிழில் கேட்ட நான் மட்டும் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பினாங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் நான் தரப் பரிசோதகர். சுவிட்சுக்குள் வைக்கும் சின்னப் பித்தளைத் தகடுகளை ஓசூரில் ஒரு தொழிற்சாலை எங்களுக்குச் செய்து அனுப்பியது. வந்த பெட்டிகளில் பாதித் தகடுகளின் ஓரத்தில் பிசிறு. நல்ல சரக்கு கிளம்பும்வரை பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு வா என்று என்னை அனுப்பினார்கள். கைப்பையில் நான் கொண்டுபோனவை: அளவுக் கருவி, பூதக்கண்ணாடி, வயிற்றுவலி மாத்திரை, தண்ணீரில் போடும் மாத்திரை, பெட்டியைக் கட்டிலோடு பூட்டச் சங்கிலி, அம்மா கொடுத்தனுப்பிய நெத்திலிச் சம்பல் என்ற காரத் தொக்கு. இந்தப் பட்டியலைப் பார்த்தாலே நான் எந்த மனநிலையில் புறப்பட்டேன் என்பது விளங்கும்.

தொழிற்சாலையின் விருந்தினர் விடுதியில் ஆண்கள் மட்டும்தான் தங்கலாமாம். எனவே பெண்கள் தங்கும் ஒரு தனியார் விடுதியில் எனக்கு இடம் போட்டிருந்தார்கள். சிப்காட் பக்கம், முற்றத்தைச் சுற்றி மேலும் கீழுமாகப் பன்னிரண்டு அறைகள், அறைக்கு இரண்டு கட்டில். எல்லோரும் வெவ்வேறு தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்கள். என் அறைக்காரி செல்வி, தேன்கனிக்கோட்டைக்கு அப்பால் ஒரு கிராமம். நான் போன தொழிற்சாலையில்தான் அவளுக்கும் வேலை. இரவு பத்து மணிக்கு முடியும் இரண்டாம் ஷிப்ட்.

நான் பெட்டியைச் சங்கிலியால் கட்டுவதை அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஏக்கா, உள்ள யாரையாச்சும் புடிச்சு வெச்சிருக்கீங்களா?" என்றாள்.

மறுநாள் காலை கதவைத் திறந்தால் வெளியே ஒரு வாளி வெந்நீர். ஓசூர்க் குளிர் எனக்குப் புதிது. கார்த்திகை மாதத்தில் வாயிலிருந்து புகை வருகிறது. ஆனாலும் கேட்காத வெந்நீர் ஏன் வருகிறது என்று யோசித்தபடியேதான் குளித்தேன். அதற்கடுத்த நாளும் வாளி வந்தது. வைப்பது செல்விதான் என்று அப்போது தெரிந்தது.

சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி. அதன் மேலே சாமி படம் இருக்கும் என்று நினைத்த இடத்தில், கண்ணாடி போட்ட சட்டத்துக்குள் ஒரு தாள். இயந்திர வரைபடம் படிக்கிற பழக்கத்தில் அதை முழுதாகப் படித்தேன். அறைக்கு ஓர் உறுப்பினர். உறுப்பினர்கள் கூடித் தங்களில் ஒருவரைச் செயலாளராகத் தேர்ந்தெடுப்பார்கள். செயலாளர் தமக்கு உதவியாக இருவரை வைத்துக்கொள்ளலாம். ஆனால் மூவரும் சேர்ந்தே உறுப்பினர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும், நம்பிக்கை போனால் மூவரும் சேர்ந்தே போக வேண்டும். வீட்டுக்காரர் எல்லோருக்கும் மேலானவர். ஆனால் சமையல், கதவு, தண்ணீர் எதிலும் செயலாளர் குழு எழுதித் தரும் ஆலோசனைப்படியே நடப்பார்.

முன்பு அங்கே தங்கிச் சட்டம் படித்த ஒரு பெண் எழுதிவைத்துவிட்டுப் போனதாம். இந்திய அரசியலமைப்பை ஒரு பக்கத்துக்குச் சுருக்கியிருந்தாள். டில்லியிலும் இதேதான். மக்கள் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள், பிரதமரை நேராகத் தேர்ந்தெடுப்பதில்லை. மக்களவையில் பெரும்பான்மை உள்ளவர் பிரதமர், அது போனால் அமைச்சரவை முழுதும் காலி. குடியரசுத் தலைவரின் பெயரில் எல்லாம் நடக்கும், நடத்துவது அமைச்சரவை. எங்கள் நாட்டிலும் அமைப்பு இதேதான். உச்சியில் மட்டும், சுல்தான்கள் முறைவைத்துத் தங்களில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து மாமன்னராக உட்காரவைப்பார்கள்.

இந்த விடுதியின் குடியரசுத் தலைவர் முனிரெட்டி, வீட்டுக்காரர். வாயில் கதவின் சாவி அவர் இடுப்பில். சமையல்காரம்மாவிடம் தெலுங்கிலும், பால்காரரிடம் கன்னடத்திலும், எங்களிடம் தமிழிலும் பேசுவார். செயலாளர் லூர்துமேரி, வெல்டிங் பயிற்சி முடித்தவள், உயரமானவள், நேராக நடப்பவள். எதிரணித் தலைவி வசந்தா, ஆடைத் தொழிற்சாலையில் விடியற்காலை ஷிப்ட். சாப்பிடும்போது லூர்துமேரியின் ஆட்கள் சன்னல் பக்கப் பாயிலும் வசந்தாவின் ஆட்கள் அடுப்படிப் பக்கப் பாயிலும் உட்கார்ந்தார்கள். எனக்கு விருந்தாளி என்று நடுவில் ஒரு ஸ்டூல் போட்டிருந்தார்கள்.

சண்டை வாயில் கதவைப் பற்றியது. ஒன்பது மணிக்குப் பூட்டுவது பழைய வழக்கம். லூர்துமேரி வந்தபின், இரண்டாம் ஷிப்ட் பெண்களுக்காகப் பத்தரை வரை திறந்துவைக்கச் சொல்லி முனிரெட்டிக்கு எழுதிக் கொடுத்தாள். ஆனால் அதுவரை ஒருவர் கதவருகே விழித்திருக்க வேண்டும், சாப்பாட்டைச் சுடவைக்க வேண்டும். அது முறைவைத்து எல்லா அறைக்கும் வந்தது.

"நாலு மணிக்கு எந்திரிச்சு பஸ் புடிக்கிறவ பத்தரை வரைக்கும் குந்திக்கினு இருக்கணுமா?" என்றாள் வசந்தா. "மிஷின்ல கை போச்சுன்னா லூர்து தெச்சுக் குடுப்பாளா?"

"தெச்சுக் குடுக்க மாட்டேன், வெல்டு வெச்சுக் குடுக்குறேன்" என்றாள் லூர்துமேரி தட்டிலிருந்து தலை தூக்காமல்.

அடுப்படிப் பாயிலேகூட இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள்.

செல்வியிடம் கேட்டேன், பூட்டினால் என்ன ஆகும் என்று. "வேற இடம் பாக்கணும். ரெண்டாம் ஷிப்டு பொண்ணுன்னா ஒருத்தரும் ரூம் தர்றதில்லக்கா. ஊருக்குக் கூட்டிட்டுப் போயிடுவாரு எங்கப்பா. இந்த வருசம் ராகியெல்லாம் யானை தின்னுட்டுப் போயிடுச்சு. என் சம்பளந்தான் நிக்குது." இதைச் சொல்லிவிட்டு, என் சம்பல் பாட்டிலை முகர்ந்து பார்த்து, "இது கெட்டுப்போச்சுன்னு நினைக்கிறேன்" என்றாள். கெட்டுப்போகவில்லை. அதன் வாசனையே அப்படித்தான்.

இடையில் ஒரு நாள், தகடுகளுக்கு முலாம் பூசும் பட்டறையைப் பார்க்கக் கிருஷ்ணகிரி போனேன். சூளகிரி தாண்டியதும் பேருந்து பெருமூச்சு விட்டு நின்றுவிட்டது. புளியமரத்தடியில் நின்றவர்கள், வேறு பேச்சில்லாமல் டில்லியைப் பேசினார்கள். அங்கே பிரதமர் நம்பிக்கை வாக்குக் கேட்டுத் தோற்றிருந்த நேரம் அது. வெற்றிலை போட்டிருந்த ஒருவர் கன்னடத்தில் சொன்னதைப் பக்கத்தில் இருந்தவர் எனக்குத் தமிழாக்கினார்: "கவுக்கிறது ஒரு நிமிசம்ங்கறாரு. அடுத்து யாருன்னு எவனும் யோசிக்க மாட்டேங்கறான்ங்கறாரு." அடுத்து வந்த பேருந்தின் கூரையில் ராயக்கோட்டைச் சந்தையிலிருந்து வந்த தக்காளிக் கூடைகள். கிருஷ்ணகிரி போய்ச் சேர்வதற்குள் சாறு ஒழுகி என் வெள்ளைச் சட்டையின் தோளில் சிவப்பாக மூன்று கோடு. பட்டறைக்காரர் ரத்தமென்று பயந்துபோய் முதலில் என்னை உட்காரவைத்தார். தண்ணீர் கொடுத்தார். மாத்திரை போட்டுத்தான் குடித்தேன்.

அன்று இரவுச் சாப்பாட்டில்தான் நான் வாயைத் திறந்தேன். ஞாயிற்றுக்கிழமை உறுப்பினர் கூட்டம் என்று முடிவாகியிருந்தது. ஆனால் யார் தலைமை தாங்குவது? செயலாளர் மீதான நம்பிக்கையைப் பேசும்போது செயலாளரே தலைமை தாங்க முடியாது. இதற்கென்று இருந்த பெண் கல்யாணமாகிப் போய்விட்டாள். இரண்டு பாயிலும் ஆறாறு பேர். தலைமை நாற்காலியில் உட்காருபவர் ஓட்டுப் போட முடியாது என்பதால், எந்தப் பக்கமும் ஆளைக் கொடுக்கவில்லை. கொடுத்தால் ஆறு ஐந்தாகிவிடும்.

"எங்கள் நாட்டில் நாடாளுமன்ற உறுப்பினராக இல்லாத ஒருவரையும் சபாநாயகராக வைக்கலாம்" என்றேன். பொது அறிவாகச் சொன்னதுதான்.

"வெளியாளா?" என்றாள் வசந்தா. "ஓட்டு சமமாப் போச்சுன்னா?"

"இங்கே டில்லியில் சமமானால் சபாநாயகர் ஓட்டுப் போடுவார். எங்கள் ஊரில், வெளியிலிருந்து வந்த சபாநாயகருக்கு அதுவும் கிடையாது."

வசந்தா மோரை ஊற்றிப் பிசைந்து ஒரு கவளம் சாப்பிட்டுவிட்டுச் சொன்னாள்: "அப்ப நீங்களே குந்துங்க மேடம். உங்க ஊரு சட்டப்படி."

லூர்துமேரியும் தலையாட்டினாள். எனக்குத்தான் நெருடியது. நான் தூங்குவது செல்வியின் அறையில். எதிரணித் தலைவி ஏன் என்னை முன்மொழிகிறாள்?

அடுத்த இரண்டு நாட்களில் எனக்கு வந்தவை: சன்னல் பக்கத்திலிருந்து முட்டைப் பணியாரம், அடுப்படிப் பக்கத்திலிருந்து அவரைப்பருப்புக் குழம்பும் ராகிக் களியும், முனிரெட்டி வீட்டிலிருந்து ஓர் ஒப்பிட்டுப் போளி, யாரென்று தெரியாமல் மேசைமேல் இரண்டு கொய்யா. ஓட்டே இல்லாத ஆளுக்கு எதற்கு இத்தனை? களியை எப்படி விழுங்குவது என்று செல்வி சொல்லிக்கொடுத்தாள். மென்றால் தீராது, உருட்டி உள்ளே தள்ள வேண்டும். காலை வாளி தவறாமல் வந்தது. அதையும் நான் பட்டியலில் சேர்த்துக்கொண்டேன்.

ஞாயிறு மதியம் கூட்டம். எனக்கு முனிரெட்டியின் மரநாற்காலி. பேச்சு தொடங்கும் முன்பே வசந்தா ஆரம்பித்துவிட்டாள்: "நாங்க ஒண்ணும் கவுக்க வரல. டில்லில பாத்தமில்ல? பிரதமரே எந்திரிச்சு நின்னு எம்மேல நம்பிக்கை இருக்கான்னு கேட்டாரு. நம்ம செயலாளருக்குத் தெகிரியம் இருந்தா கேக்கட்டும்."

"கேக்குறேன்" என்றாள் லூர்துமேரி. அந்த இடத்திலேயே ஒரு தாளில் எழுதி என்னிடம் நீட்டினாள்: இந்தச் சபை செயலாளர் குழுவின் மீது நம்பிக்கை தெரிவிக்கிறது.

தாளைக் கையில் வாங்கியபோதுதான் எனக்கு வசந்தாவின் கணக்கு புரிந்தது. எந்தத் தீர்மானமும் நிறைவேறப் பெரும்பான்மை வேண்டும். ஆறுக்கு ஆறு என்றால் தீர்மானம் விழும். வசந்தா நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்திருந்தால், சமமானதும் அது விழுந்து லூர்துமேரி பிழைத்திருப்பாள். லூர்துமேரியே நம்பிக்கை கேட்டால், அதே ஆறுக்கு ஆறில் அவள் விழுவாள். குறுக்கே வரக்கூடியது தலைமையின் ஓட்டு ஒன்றுதான். அது எனக்கு இல்லை என்று நானே சொல்லியிருந்தேன்.

"தீர்மானத்தை இப்படியேதான் கொண்டுவருகிறீர்களா?" என்று கேட்டேன். தலைமையில் இருப்பவர் அதற்குமேல் கேட்கக் கூடாது.

"ஆமாங்க. வேற எப்படி?" என்றாள், தலைநிமிர்ந்து.

கைகள் தூக்கப்பட்டன. ஆறு. மறுபடி கைகள். ஆறு. நான் இரண்டு முறை எண்ணினேன்.

"மேடம், நீங்க போடுங்க" என்றது சன்னல் பக்கத்திலிருந்து ஒரு குரல். "இது இந்தியா. இந்தியாச் சட்டந்தான் இங்க."

"மெம்பரா இருந்தாத்தான் அது" என்றாள் வசந்தா. "இவங்க மெம்பரா? அன்னிக்கு இவங்களே என்ன சொன்னாங்க?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், செல்வியைத் தவிர. அவள் பாயின் கோரையை விரலால் நெருடிக்கொண்டிருந்தாள். அவள் ஒருமுறை பார்த்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். வெந்நீரின் விலை இதுதான் என்று முடிவுகட்டியிருப்பேன்.

"இந்த நாற்காலிக்கு ஓட்டு இல்லை என்று சொல்லித்தான் உட்கார்ந்தேன்" என்றேன். "தீர்மானம் தோற்றது."

அடுப்படிப் பக்கம் யாரோ கைதட்டினார்கள், வசந்தா அடக்கினாள். லூர்துமேரி ராஜினாமாவை அங்கேயே எழுதி, முற்றத்தில் உட்கார்ந்திருந்த முனிரெட்டியிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். செல்வி எழுந்து பாத்திரம் கழுவப் போனாள்.

முனிரெட்டி வசந்தாவைக் கூப்பிட்டார். "கவுத்திட்டியாம்மா? சரி. இப்ப உனக்கு எத்தன பேரு?"

"ஆறு பேருங்க."

"மிச்சம் ஆறு பேரு அந்தப் பக்கம்தான? அப்ப உனக்கும் இல்ல. யாருக்கும் இல்ல." சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். "என்னக் கேட்டா எனக்கும் ஒம்போதுக்குப் பூட்டுனாத்தான் தூக்கம். ஆனா நான் கேக்குற ஆளு, சொல்ற ஆளு இல்ல. புதுசா ஒருத்தர் ஏழு பேரைக் காட்டுற வரைக்கும் பழைய ஆளே பாத்துக்கட்டும். பழசு எப்படியோ அப்படியே. புதுசா ஒண்ணும் எழுதித் தரக் கூடாது."

"எத்தன நாளைக்குங்க?" என்றாள் வசந்தா.

"டில்லில கேட்டுச் சொல்றேன்."

மறுநாள் திங்கட்கிழமை. காலை கதவைத் திறக்குமுன் ஒரு கணம் நின்றேன். வாளி இருந்தது. அதிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. அதை வைத்துவிட்டுச் செல்வி மறுபடி போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். எனக்கு ஓட்டில்லை என்பது ஊருக்கே தெரிந்த பிறகும் வந்த முதல் வாளி அது. அன்று குளித்து முடிக்க எனக்கு நேரமாகிவிட்டது.

தொழிற்சாலையில் திருத்திய சரக்கைக் காட்டினார்கள். பூதக்கண்ணாடியில் பார்த்தேன், பிசிறு. அளவுக் கருவியை வைத்தேன், துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன், அவர்கள் கருவியை வாங்கியும் வைத்துப் பார்த்தேன். பிசிறுதான். இந்தப் பெட்டிகளை எடுக்க முடியாது என்று எழுதிக் கொடுத்தேன். மேலாளர் நெற்றியைத் தேய்த்தார். வெள்ளிக்கிழமைக் கப்பலுக்கு வேறு வழியில்லை, எல்லாத் தகட்டையும் கையால் தேய்க்க வேண்டும். மாலையில் அறிவிப்புப் பலகையில் புதிய ஷிப்ட் பட்டியல் ஒட்டினார்கள். பகல் ஷிப்ட் பெண்களில் பாதிப் பேர் இரண்டாம் ஷிப்டுக்கு. இந்த வாரம் மட்டுமல்ல, மறு உத்தரவு வரும்வரை.

அவர்களில் ஒருத்தி நாகரத்னா. விடுதியில் மாடியறை உறுப்பினர், வசந்தாவின் ஆள். ஞாயிறன்று முதலில் கை தூக்கியவள்.

செவ்வாய்க்கிழமை, தகடுகளைத் தேய்த்து முடிக்கும்வரை எனக்கு வேலையில்லை என்று நான் விடுதியில் இருந்தபோது, அவள் மதியச் சாப்பாட்டுக்கு வந்தாள். இனி அவள் வேலைக்குப் போகும் நேரமே பிற்பகல்தான். தட்டில் சோற்றை வாங்கினாள். அடுப்படிப் பாய் அருகே நின்றாள். பிறகு தட்டைத் தூக்கிக்கொண்டு கூடத்தைக் குறுக்கே கடந்து, சன்னல் பக்கப் பாயில் லூர்துமேரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஊர்வலம்போல எல்லாக் கண்களும் கூடவே போயின. அன்று உடம்பு சரியில்லை என்று வேலைக்குப் போகாத வசந்தாவும் அடுப்படிப் பாயில் இருந்தாள்.

"ராத்திரி எனக்கும் ஒரு தட்டு எடுத்து வெய்யி லூர்து" என்றாள் நாகரத்னா.

"ஏண்டி, கட்சி தாவுறியா?" என்றாள் வசந்தா.

"நான் எங்கக்கா தாவுனேன்? ஷிப்டு தாவுச்சு."

டில்லியில் கட்சி தாவினால் பதவியைப் பறிக்க ஒரு சட்டம் உண்டு. கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்த தாளில் அப்படி எதுவும் இல்லை. சட்டம் படித்த அந்தப் பெண்ணுக்குத் தொழிற்சாலைகளைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும்.

முனிரெட்டியைக் கூப்பிட்டார்கள். அவர் வாசலில் நின்று சன்னல் பக்கப் பாயில் இருந்த உறுப்பினர்களை விரல் நீட்டி எண்ணினார். வேலைக்குப் போயிருந்தவர்களையும் பெயர் சொல்லிச் சேர்த்தார். ஏழு. "நடத்தும்மா" என்றார் லூர்துமேரியிடம்.

திரும்பி வந்த செயலாளர் அவருக்கு முதலில் எழுதிக் கொடுத்த ஆலோசனை, வாயில் கதவுக்கு இன்னொரு சாவி. அது இரண்டாம் ஷிப்ட் பெண்களிடம் இருக்கும். சாப்பாட்டையும் அவர்களே சுடவைத்துக்கொள்வார்கள். வேறு யாரும் விழித்திருக்க வேண்டாம். வசந்தா கேட்டது அதுதான் என்பது அப்போதுதான் எல்லோருக்கும் நினைவு வந்தது. தாளைப் படித்துப் பார்த்துவிட்டு, "இத முன்னமே செஞ்சிருந்தா நான் ஏன் வாயத் தொறக்கறேன்" என்றாள் அவள். முனிரெட்டி சாவி செய்யக் கடைத்தெருவுக்குப் போனார், வழியெல்லாம் தெலுங்கில் முணுமுணுத்துக்கொண்டு. இனி அந்த வீட்டில் தமக்கு என்ன வேலை என்று கேட்டுக்கொண்டு போனாராம்.

அதற்குப் பிறகு வசந்தா என்னைப் பார்த்த பார்வை மாறிவிட்டது. கூடத்தில் எல்லோர் முன்னாலும், கோபமில்லாமல் சொன்னாள்: "மேடம் நாற்காலில குந்திக்கினு ஓட்டுப் போடல. ஃபேக்டரில போயி போட்டுட்டாங்க."

நான் மறுத்தேன். பிசிறு இருந்தது என்றேன். மூன்று முறை அளந்தேன் என்றேன். அவர்கள் கருவியிலும் அதே அளவு என்றேன்.

"மூணு தடவ எதுக்கு அளந்தீங்க?" என்றாள்.

ஊரில் நான் எப்போதும் இரண்டு முறைதான் அளப்பேன். செல்வி சிரிப்பை அடக்கத் தண்ணீர்ச் செம்பை வாயில் வைத்துக்கொண்டாள். வந்த நாளிலிருந்து நான் ஒவ்வொருவரையும் எப்படிப் பார்த்தேனோ, அப்படி இப்போது பன்னிரண்டு அறைகளும் என்னைப் பார்த்தன. நிரபராதிக்கும் அது வசதியான இடமில்லை.

வெள்ளிக்கிழமை நல்ல சரக்கு கிளம்பியது. சனிக்கிழமை காலை நானும். செல்வி பேருந்து நிலையம்வரை பெட்டியைத் தூக்கி வந்தாள். சங்கிலி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது, நான் அதைப் பூட்டவில்லை. சம்பல் பாட்டிலை அவளிடமே விட்டேன். நாய்க்குப் போட மாட்டேன் என்று சத்தியம் செய்தாள்.

பெங்களூர்ப் பேருந்து புறப்படும் நேரத்தில் வசந்தா ஓட்டமும் நடையுமாக வந்தாள். காலை ஷிப்டில் சிறிது நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். சன்னல் வழியாக ஒரு வாழையிலைப் பொட்டலத்தை நீட்டினாள். எலுமிச்சைச் சோறு, ஊறுகாய். நான் வாங்கிக்கொண்டேன். வாங்கியதும் வழக்கம்போல என் விரல்கள் இலையின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தன.

"சாப்பிடுங்க மேடம்" என்றாள் வசந்தா. "இப்பதான் ஓட்டு எதுவும் இல்லியே."

அத்திப்பள்ளிச் சாவடி வருவதற்குள் பொட்டலம் காலியாகிவிட்டது. பேருந்து நின்றதும், நடத்துநர் எந்த மொழியிலும் எதுவும் சொல்வதற்கு முன்பே நான் இறங்கி, கன்னடக்காரர்களோடு டீ குடிக்கப் போனேன்.